சரக்கும் சொல்லும்

நியூயார்க் நகரத்தின் புரூக்ளினில் வில்லியம்ஸ்பர்க் என்றொரு பேட்டை உண்டு. ஆலைத் தொழிலாளர்களும் போர்ட்டோ ரிக்கோ குடும்பங்களும் வாழ்ந்த இடம். வாடகை குறைவென்று ஓவியர்களும் இசைக்காரர்களும் அங்கே குடியேறினர். 2004-இல் டொமினோ சர்க்கரை ஆலை மூடப்பட்டது. மறு ஆண்டே ஆற்றங்கரையில் அடுக்குமாடிகளுக்கு மாநகராட்சி வழிவிட்டது. கடை வாடகைக்கு அங்கே உச்சவரம்பு கிடையாது. பழைய மளிகைக் கடைகள் பல தாக்குப்பிடிக்கவில்லை.

புதிதாக வந்தவர்களை 'ஹிப்ஸ்டர்' என்றார்கள். தாடி, பழைய மோஸ்தர் உடை, 'கையால் செய்தது' என்ற சொல்லின்மேல் தீராத மோகம்.

அந்த மோகத்தில் வளர்ந்ததுதான் மாஸ்ட் பிரதர்ஸ் சாக்லேட். கொக்கோ கொட்டை முதல் கட்டி வரை எல்லாம் எங்கள் வேலை என்றார்கள். அழகிய காகிதம் சுற்றிய கட்டி ஒன்று சுமார் 10 டாலர். ஆரம்ப நாட்களில் பிறர் தயாரித்த சாக்லேட்டையும் வாங்கி உருக்கிப் பயன்படுத்தியதை 2015 டிசம்பரில் அவர்களே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

வாங்கி விற்பதில் குற்றமில்லை. நாமும் அதைத்தான் செய்கிறோம். சொல்லாமல் விட்டதுதான் பெயரைக் கெடுத்தது. 'மரச்செக்கு எண்ணெய்', 'நாட்டுச் சர்க்கரை' என்று நம் கடையில் போர்டு மாட்டுமுன், சரக்கு வந்த வழியை நாமே ஒருமுறை விசாரிப்போம். வாடிக்கையாளர் கேட்கும் நாளில் பதில் கைவசம் இருக்க வேண்டும்.