எக்ஸ்ரே வண்டிக்கு ஏன் வரவில்லை?

1950களின் தொடக்கத்தில் காசநோயைக் கண்டுபிடிப்பதற்காக அமெரிக்க நகரங்களில் எக்ஸ்ரே வண்டிகள் மக்கள் இருக்கும் இடத்துக்கே வந்து நின்றன. காசு கிடையாது, வலி கிடையாது, நேரமும் அதிகம் ஆகாது. இருந்தும் பலர் எட்டிப் பார்க்கவில்லை. அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையில் இருந்த சமூக உளவியலாளர்கள் இதற்குக் காரணம் தேடினார்கள். அவர்களில் காட்ஃப்ரி ஹாக்பாம் என்பவர் பாஸ்டன், கிளீவ்லாண்ட், டெட்ராய்ட் நகரங்களில் 1,200-க்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்தார். 'எனக்கும் இந்த நோய் வரலாம்', 'சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்லது' என்ற இரண்டையும் நம்பியவர்களில் 82 சதவீதம் பேர் தாமாகவே போய் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையுமே நம்பாதவர்களில் எடுத்தவர்கள் 21 சதவீதம்தான். 'உடல்நல நம்பிக்கை மாதிரி' இந்த ஆய்வுகளிலிருந்துதான் வளர்ந்தது. சமுதாய நலச் செவிலியர் பாடத்தில் இன்றும் அதற்குத் தனி இடம் உண்டு. நோய் தனக்கு வரும் என்ற எண்ணம், வந்தால் எவ்வளவு கொடியது என்ற கணிப்பு, சொன்னதைச் செய்வதால் வரும் நன்மை, அதற்குக் குறுக்கே நிற்கும் தடைகள், செயலில் இறங்கவைக்கும் தூண்டுதல் ஆகியவை அதன் கூறுகள். 'என்னால் முடியும்' என்ற தன்னம்பிக்கை 1988-இல் இந்தப் பட்டியலில் சேர்ந்தது.

பாடப்புத்தகத்தில் ஒழுங்காக இருக்கும் இந்த மாதிரி களத்துக்கு வரும்போது பாதியாகிவிடுகிறது. முதல் மூன்று கூறுகளை எடுத்துக்கொண்டு, மக்கள் வராததற்கு 'விழிப்புணர்வு இல்லை' என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அதன்பின் பேரணி, துண்டறிக்கை, அழுகிய நுரையீரல் படம். இந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் பலவீனமானது. ஹாக்பாம் மக்களின் நம்பிக்கையைக் கேட்டதே அவர்கள் எக்ஸ்ரே எடுத்து முடித்த பிறகுதான். நம்பியதால் போனார்களா, போய்வந்ததால் நம்பினார்களா என்பதை அந்தக் கணக்கை வைத்து மட்டும் சொல்ல முடியாது. இந்த மாதிரியை வைத்து நடந்த ஆய்வுகளை ஜான்ஸ், பெக்கர் இருவரும் 1984-இல் தொகுத்துப் பார்த்தபோது, மக்களின் செயலோடு மிக நெருக்கமாகப் பொருந்தி வந்தது தடைகள் என்ற கூறுதான். நோயின் கொடுமை குறித்த பயமோ கடைசியில் நின்றது. நாம் அதிகம் பணம் செலவழிப்பது அந்தக் கடைசிக் கூறின்மேல்தான்.

பயம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை 1965-இல் ஹோவர்ட் லெவென்தால் குழு யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் சோதித்தது. டெட்டனஸ் பற்றிய சிறுபுத்தகத்தைச் சிலருக்குத் திகிலூட்டும் வகையிலும் சிலருக்கு மிதமாகவும் எழுதிக் கொடுத்தார்கள். திகிலூட்டியதைப் படித்தவர்கள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று மிகுந்த ஆர்வத்தோடு சொன்னார்கள். ஆனால், போட்டுக்கொண்டவர்களின் எண்ணிக்கையில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாட்டை உண்டாக்கியது வேறொரு காகிதம். சிலருக்கு மட்டும், சுகாதார மையத்தைக் குறித்துக் காட்டிய வளாக வரைபடத்தைக் கொடுத்து, 'இந்த வாரம் எந்த வகுப்பு முடிந்து அந்தப் பக்கம் போவீர்கள்? எப்போது நுழைவீர்கள்?' என்று யோசிக்கச் சொன்னார்கள். அவர்களில் நூற்றுக்குச் சுமார் 28 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். வரைபடம் கிடைக்காதவர்களில் 3 பேர். இத்தனைக்கும் அந்த மையம் எங்கே இருக்கிறது என்று தெரியாத மாணவர் அங்கே அரிது.

படித்த மாணவர்கள் கதை அது என்று தள்ளிவிடலாம். கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் அதே காசநோய் பற்றிச் செய்த ஆய்வை அப்படித் தள்ள முடியாது. எக்ஸ்ரே கணக்கெடுப்பில் காசநோய் இருப்பதாகத் தெரிந்த கிராமத்தவர்களை பானர்ஜி, ஆண்டர்சன் இருவரும் ஆராய்ந்து 1963-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்குத் தங்கள் உடம்பில் ஏதோ கோளாறு என்பது தெரிந்தே இருந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏற்கெனவே ஆங்கில மருத்துவம் பார்க்கும் இடங்களுக்குப் போய்வந்திருந்தார்கள். அங்கே அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது இருமல் மருந்து. இங்கே விழிப்புணர்வு யாருக்குத் தேவைப்பட்டது?

இதற்கு எதிராக ஒரு வலுவான கேள்வி உண்டு. வதந்திகளை என்ன செய்வது? 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது, வாட்ஸ்அப்பில் பரவிய செய்திகளை நம்பிப் பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்தார்கள். இது அறியாமைதானே? என் பார்வையில் இதுவும் தடைதான். அந்தப் பெற்றோர் பிள்ளையின் நலனில் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். ஊசியால் வரும் கேட்டை நோயால் வரும் கேட்டைவிடப் பெரிதாகக் கணித்தவர்கள். அவர்களிடம் நோயின் கொடுமையை இன்னும் உரக்கச் சொல்வது கேட்காத கேள்விக்குப் பதில். காய்ச்சல் வந்தால் என்ன செய்யவேண்டும், யாரைக் கூப்பிடவேண்டும் என்பதை ஊரில் பழகிய ஒரு செவிலியர் சொன்னால் காதில் ஏறும்.

இன்னொரு மறுப்பு: கதவைத் திறந்து வைத்தும் வராதவர்களை என்ன சொல்வது? ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டக் கிராமங்களில் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. குழந்தைகளுக்கு எல்லாத் தடுப்பூசியும் போட்டு முடித்த விகிதம் சாதாரண கிராமங்களில் 6 சதவீதம். மாதம் தவறாமல் முகாம் நடந்த இடங்களில் 18 சதவீதம். முகாமோடு ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ பருப்பும், எல்லாம் முடிந்ததும் தட்டும் கொடுத்த இடங்களில் 39 சதவீதம். ஊசியைக் கொள்கையளவில் எதிர்ப்பவர் ஒரு கிலோ பருப்புக்காக மனம் மாறுவாரா? எதிர்ப்பு இல்லை, நாளை பார்த்துக்கொள்ளலாம் என்ற தள்ளிப்போடல்தான் இருந்தது என்றே கொள்ளவேண்டும். ஆனாலும் பருப்பு கொடுத்த பிறகும் 61 சதவீதம் மிச்சம். தடையை நீக்கினால் எல்லாம் நடந்துவிடும் என்று சொல்வோரும் இதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

ஆகவே, மனம் முக்கியமில்லை என்பதல்ல வாதம். எதை முதலில் கவனிப்பது என்பதுதான். சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு, ஏழை நோயாளிகளை நெருக்கமான வீடுகளிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் சேர்த்துப் பார்ப்பதற்கு இணையாகக் குணமாகிறது என்று காட்டியது. படுக்கை என்ற பெருந்தடை அத்தோடு விலகியது. அதன்பிறகுதான் வீட்டுக்குப் போன மாத்திரை வாய்க்குள் போகிறதா என்ற அடுத்த கேள்வி தலைதூக்கியது. சிறுநீர்ப் பரிசோதனையும் சொல்லாமல் போய் மாத்திரை எண்ணிப் பார்ப்பதும் அதற்காகவே வந்தன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் இதே இடத்தில் நிற்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாசலுக்கு வருகிறது. அலைச்சலும் கூலி இழப்பும் குறைகின்றன. இனி "ஏம்மா ஒழுங்கா மாத்திரை போடலை?" என்று அதட்டுவதில் பயனில்லை. "காலையில வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி என்ன சாப்பிடுவீங்க? மாத்திரைய எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்கலாம். யேல் மாணவர்களிடம் வரைபடத்தைக் கொடுத்துக் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். ஆனால் இப்படிக் கேட்டுப் பதிலையும் காதில் வாங்க ஒரு வீட்டில் பத்து நிமிடமாவது உட்காரவேண்டும். அந்தப் பத்து நிமிடத்தைச் செவிலியரின் வேலை நாளில் யார் ஒதுக்கிக் கொடுப்பது என்பது எந்த மாதிரியிலும் எழுதப்படவில்லை.