கூடாரம் செய்த அப்போஸ்தலர்

தகவல் துளியில் இன்று அப்போஸ்தலர் பவுல்.

இன்றைய துருக்கியின் தென்பகுதியிலுள்ள தர்சு பட்டணத்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் இவர். சவுல் என்றும் அழைக்கப்பட்டார். இயேசுவின் சீடர்களை வீடு வீடாகத் தேடிப் பிடித்துச் சிறையில் அடைத்தார். தமஸ்குவுக்குப் போகும் வழியில் பேரொளியொன்று சூழ, தரையில் விழுந்தார். மூன்று நாள் பார்வையற்றிருந்தார் என்கிறது புதிய ஏற்பாட்டு நூலான அப்போஸ்தலர் நடபடிகள். அதன்பின், தாம் எதிர்த்த நெறிக்கே தூதரானார்.

கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியோடு தங்கி, கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டே போதித்தார். கடவுளுக்கு முன் மனிதர் நீதிமானாவது யூதச் சட்டமான நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் அல்ல, விசுவாசத்தால். அது விலையின்றிக் கிடைக்கும் கிருபை. இதுவே அவர் போதனையின் மையம். அதனால்தான் யூதரல்லாதோர் அந்தச் சட்டம் கோரும் விருத்தசேதனம் செய்துகொள்ளத் தேவையில்லை என்று உறுதியாக வாதாடினார். கிறிஸ்துவுக்குள் யூதர், கிரேக்கர், அடிமை, சுதந்திரர், ஆண், பெண் என்ற பாகுபாடு இல்லை என்றார். அடிமைமுறை வேரூன்றியிருந்த ரோமப் பேரரசில் இது எத்தனை துணிச்சலான சொல்!

புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் 13 கடிதங்கள் பவுலின் பெயரைத் தாங்கியவை. ரோமில், நீரோ மன்னன் காலத்தில் தலை வெட்டப்பட்டு அவர் இறந்தார் என்பது திருச்சபை மரபு.

கொரிந்தியருக்கு அவர் எழுதிய முதல் கடிதத்தின் 13ஆம் அதிகாரம் முழுவதும் அன்பைப் பற்றியது. நேரம் கிடைக்கும்போது வாசித்துப் பாருங்கள்.