வடாம் காயும் வேகம்

5 கிலோ எடையுள்ள ஒரு வெள்ளைப் பூசணியில் ஏறக்குறைய 4.8 கிலோ தண்ணீர்தான். திருப்பதி, சந்திரகிரி, புத்தூர், நகரிப் பக்கத்து வீடுகளில் ஆடியில் விதை ஊன்றினால், மார்கழி, தை வாக்கில் கூரை மேலும் வேலி மேலும் காய்கள் முற்றிச் சாம்பல் பூத்துக் கிடக்கும். ஒரு காயை அறுத்தால் கூட்டுக்கும் மோர்க்குழம்புக்கும் போக மிச்சம் இருக்கும். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாலும் இன்னும் மிஞ்சும். அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் ஆண்டு முழுக்க வைத்துக்கொள்ள இந்தப் பகுதி வீடுகள் கைக்கொண்ட வழி பூசணி வடியம். 1911இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களிலிருந்து தாலுகாக்களைப் பிரித்துச் சித்தூர் மாவட்டத்தை உருவாக்கினார்கள். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. எல்லைகள் எப்படி மாறினாலும், தெலுங்கு வீட்டு வடியாலும் தமிழ் வீட்டு வடாமும் அடுத்தடுத்த மொட்டைமாடிகளில் ஒரே வெயிலில்தான் காய்கின்றன.

வெயிலில் போட்டால் காயும், இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் வடாம் இடுபவர்கள் பாதி நேரம் காய்வதை விரைவுபடுத்தவும், மீதி நேரம் அதைத் தாமதப்படுத்தவும் பாடுபடுகிறார்கள். துணி, உப்பு, மோர், ராத்திரி உள்ளே எடுத்து வைப்பது என எல்லாமே ஈரம் எவ்வளவு வேகத்தில் வெளியேற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஏற்பாடுகள். அந்த வேகம் தப்பினால் பூஞ்சை பிடிக்கும், அல்லது பல்லை உடைக்கும் வடாம் கிடைக்கும்.

உணவு கெடுவதற்கு அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அந்தத் தண்ணீரில் எவ்வளவு நுண்ணுயிர்களின் கைக்கு எட்டுகிறது என்பதே முக்கியம். ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் டபிள்யூ. ஜே. ஸ்காட் 1950களில் இதைத் தெளிவாக நிறுவினார். உணவு அறிவியலில் இதற்கு நீர்ச் செயல்பாடு என்று பெயர். சுத்தமான தண்ணீருக்கு அது 1. பச்சைக் காய்கறிகளில் 0.97க்கு மேல் இருக்கும். 0.91க்குக் கீழே இறங்கினால் உணவைக் கெடுக்கும் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருக முடியாது. பூஞ்சைகள் இன்னும் பிடிவாதமானவை. சில வகைகள் 0.7க்குக் கீழும் தாக்குப்பிடிக்கும். 0.6ஐத் தாண்டி இறங்கிவிட்டால் எந்த நுண்ணுயிரும் வளராது. வற்றலை உடைத்துப் பார்த்து, ‘சடக்’கென்று முறிந்தால் போதும் என்று வீட்டில் சொல்வது இந்த எல்லையைக் காதால் அளக்கும் முறை.

அந்த எல்லைக்குக் கொண்டுபோக எவ்வளவு ஆற்றல் வேண்டும்? ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 2,400 கிலோஜூல் தேவை. சித்திரை வெயிலில் ராயலசீமையின் ஒரு சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஒரு நாளில் ஏறக்குறைய 6 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூரிய ஆற்றல் விழுகிறது. கணக்குப் போட்டால் 9 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க அது போதும். சமையல் எரிவாயுவில் அதே வெப்பத்தைப் பெற ஏறத்தாழ அரைக் கிலோ எரிய வேண்டும். கிடைக்கும் ஆற்றலில் பெரும்பகுதி தரையைச் சுட வைப்பதிலும் காற்றோடு போவதிலும் வீணாகிறது. ஆனாலும் மிஞ்சுவது வடாமுக்குத் தாராளம்.

வெயிலைப் போலவே காற்றும் முக்கியம். காற்று ஏற்கெனவே ஈரம் குடித்திருந்தால் வடாமிலிருந்து வாங்கிக்கொள்ள அதில் இடம் இருக்காது. சென்னையில் பிற்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கியதும் காய்ச்சல் மந்தமாகிவிடும். உள்ளே தள்ளி இருக்கும் திருப்பதி, சித்தூர் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் பல நாள் 40 டிகிரியைத் தாண்டும்; நடுப்பகல் காற்று வறண்டிருக்கும். வடாமுக்கு இதைவிடத் தோதான ஊர் கிடைப்பது அரிது.

பூசணி வடியத்தில் முதல் வேலையை வெயில் செய்வதில்லை, உப்பு செய்கிறது. காயைத் தோலோடு பொடியாக நறுக்கி, உப்பும் மஞ்சள்தூளும் பிசிறித் துணியில் மூட்டையாகக் கட்டி, மேலே அம்மிக்கல்லையோ கனமான வேறு கல்லையோ ஏற்றி இரவு முழுக்க விடுவார்கள். வெளியே உப்புச் செறிவு கூடியிருப்பதால், செல்களுக்குள் இருக்கும் தண்ணீர் சவ்வூடு பரவலால் வெளியே இழுக்கப்படுகிறது. கல்லின் பாரம் அதைப் பிழிந்துவிடுகிறது. விடியும்போது தண்ணீரில் கணிசமான பங்கு ஒரு துளி எரிபொருளும் செலவாகாமல் வெளியேறியிருக்கும். பிறகு கெட்டியாக அரைத்த உளுந்து மாவு, பச்சை மிளகாய், சீரகம், பெருங்காயம் சேர்த்துப் பிசைந்து, சிறு உருண்டைகளாகக் கிள்ளி வைப்பார்கள். மாவை நன்றாக அடித்துக் கலக்குவதற்கும் காரணம் உண்டு. உளுந்தின் புரதம் காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிள்ளிப் போட்ட மாவு தண்ணீரில் மிதந்தால் பதம் சரி. அந்தக் குமிழிகள் இருந்த இடமெல்லாம் பின்னால் ஈரம் வெளியேறும் வழிகளாகின்றன. பொரிக்கும்போது வடியம் லேசாக இருப்பதும் அவற்றால்தான்.

இனிதான் வேகத்தின் கதை. ஈரம் மேற்பரப்பிலிருந்து வெளியேறும் வேகமும், உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து சேரும் வேகமும் ஒன்றல்ல. உச்சி வெயிலில் மேல்தோல் அவசரமாக இறுகிவிட்டால் உள்ளீரம் அடைபட்டுப்போகும். தொட்டால் கல்லாக இருக்கும். ஜாடியில் போட்ட பத்தாம் நாள் உள்ளிருந்து பூஞ்சை கிளம்பும். இதற்கு மருந்துதான் ராத்திரி ஓய்வு. சாயங்காலம் பனி இறங்குமுன் உள்ளே எடுத்து வைத்தால், உள்ளே தங்கிய ஈரம் மெதுவாக மேற்பரப்புக்கு வந்து பரவும். மறுநாள் வெயில் அதை எடுத்துக்கொள்ளும். புழுங்கல் அரிசி ஆலைகளிலும் இதே உத்திதான். நெல்லை ஒரே மூச்சில் உலர்த்தினால் அரிசி வெடித்து நொய்யாகும் என்பதால், நடுவே சில மணி நேரம் ஆறப்போட்டுவிட்டு மறுபடி உலர்த்துகிறார்கள்.

மோர் மிளகாயில் இந்த உத்தி இன்னும் நுட்பமாக அமைந்திருக்கிறது. சித்தூர் பக்கத்தில் ‘சல்ல மிரபகாயலு’ என்று சொல்லும் இதற்கு, மிளகாயைக் கீறி உப்பிட்ட புளித்த மோரில் ஊறவைப்பார்கள். பகலில் வெயில், இரவில் மீண்டும் அதே மோர். மோர் வற்றித் தீரும்வரை இந்தச் சுழற்சி தொடரும். ஒவ்வொரு பகலும் மிளகாய் தண்ணீரை இழக்கிறது. ஒவ்வொரு இரவும் உப்பையும் லாக்டிக் அமிலத்தையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. காய்ந்து முடிக்கும் சில நாள் இடைவெளியில் கெட்டுப்போகாமல் காப்பது அந்த அமிலம். யாழ்ப்பாணத்திலும் மோர் மிளகாய் உண்டு. கேரளத்தில் அதற்குக் ‘கொண்டாட்டம்’ என்று பெயர். கன்னட வீடுகளில் வடாம் வகைகளுக்குச் சண்டிகெ என்று பெயர். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவாசிகள் உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, பகலில் மிதித்துப் பிழிந்து, வெயிலில் உலர்த்தி ‘சூன்யோ’ செய்கிறார்கள். அவர்களுக்கு உறைபனி செய்யும் வேலையைத்தான் இங்கே உப்பும் கல்லும் செய்கின்றன.

கூழ் வடாமின் இயல்பு வேறு. அரிசி மாவைத் தண்ணீரில் கிளறும்போது, சூடு சுமார் 70 டிகிரியைத் தாண்டியதும் மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதி, ஒன்றோடொன்று ஒட்டிக் கண்ணாடிபோல் பளபளக்கும். அந்தப் பதத்துக்கு வராத கூழில் இட்ட வடாம் பொரியாது. அச்சில் பிழிவதற்குப் பழைய பருத்தி வேட்டியை விரிப்பதிலும் அர்த்தம் இருக்கிறது. துணி அடிப்பக்க ஈரத்தை உறிஞ்சிப் பரப்பிவிடுவதால் வடாம் இருபுறமும் காயும். பிளாஸ்டிக் விரிப்பில் எடுப்பது சுலபம். ஆனால் ஒரு பக்கம்தான் மூச்சுவிடும், திருப்பிப் போட்டே ஆக வேண்டும். துணியில் ஒட்டிக்கொண்டால் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தெடுக்கலாம்.

நன்றாகக் காய்ந்த வடாமிலும் பத்து சதவீதம் அளவுக்கு ஈரம் எஞ்சியிருக்கும். இருக்கவும் வேண்டும். 180 முதல் 200 டிகிரி வரை சூடான எண்ணெயில் விழுந்ததும் இறுகிய மாவுச்சத்து ஒரு கணம் இளகுகிறது; அதே கணத்தில் உள்ளீரம் ஆவியாகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1.7 லிட்டர் இடம் கேட்கும். அந்த நெருக்குதலில்தான் வடாம் இரண்டு மூன்று மடங்காக விரிகிறது. ஈரம் மிகுந்திருந்தால் மெத்தென்று எண்ணெய் குடிக்கும். ஈரமே இல்லாவிட்டால் விரிய வலு இருக்காது. எண்ணெய் காயாமல் போட்டால் ஆவி மெல்லக் கசிந்து, வடாம் சுருண்டு கெட்டியாகும்.

வற்றலுக்கான காய்களில் சில, யாரும் நடாமலே புழக்கடையில் முளைப்பவை. மணத்தக்காளிப் பழங்களைத் தின்னும் கொண்டைக்குருவிகள் எச்சத்தோடு விதையைப் போட்டுவிட்டுப் போகும். கிணற்றடியிலும் பாத்திரம் துலக்கும் தண்ணீர் ஓடும் ஓரத்திலும் செடி தானாக எழும். சுண்டைக்காய் பல ஆண்டு நிற்கும் முள் புதர். அதன் வேர் மண்ணிலிருந்து தாக்கும் வாடல் நோயையும் நூற்புழுவையும் தாங்குவதால், கத்தரியை அதன் மேல் ஒட்டுக்கட்டி வளர்க்கிறார்கள் விவசாயிகள். இரண்டு காய்க்கும் தோல் வழுவழுப்பானது; ஈரத்தை எளிதில் விடாது. சுண்டைக்காயை நசுக்கி மோரில் போடுவது அந்தத் தோலைத் திறந்துவிடத்தான். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கீரைக்கும் மட்டும் வெயில் ஆகாது. நேரடி ஒளி வைட்டமின்களைச் சிதைத்து நிறத்தையும் மங்கவைக்கும். பொடிக்கு வேண்டிய இலைகளை நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்த வேண்டும்.

வடாமுக்கு வரும் விருந்தாளிகளைப் பற்றியும் தெரிந்துகொள்ளலாம். காரம் போட்டால் காக்கை வராது என்று நம்பிச் செய்தால் ஏமாற்றம்தான். காரத்தை நாம் உணர்வது நரம்புகளில் உள்ள ஓர் ஏற்பி வழியாக. அதை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பாலூட்டிகளின் ஏற்பி மிளகாயின் காரப்பொருளுக்குத் துடித்தெழும்; பறவைகளின் ஏற்பியோ அதைக் கண்டுகொள்வதில்லை. ஆகவே மிளகாய்க் கூழ் அணிலைத் தயங்க வைக்கும். காக்கையையும் கிளியையும் தடுக்காது. அவற்றுக்கு விரித்த கறுப்புக் குடையோ, மேலே போர்த்திய கொசுவலையோதான் சரி.

பூஞ்சையைப் பற்றி எச்சரிக்கை தேவை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தீவனத்தில் இருந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை சுரந்த அஃப்ளடாக்ஸின் நஞ்சே காரணம் என்று பின்னர் தெரிந்தது. கடலை விளையும் சித்தூர் மண்ணுக்கு அது அந்நியமான செய்தி அல்ல. ஈரம் போகாமல் மூட்டை கட்டிய கடலையிலும், அரைகுறையாகக் காய்ந்த மிளகாயிலும் அந்தப் பூஞ்சை வளரக்கூடும். பொரித்தாலும் நஞ்சு முழுமையாக அழியாது. பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்த வற்றலைத் துடைத்துப் பயன்படுத்தாமல் எறிந்துவிட வேண்டும்.

இன்னொரு எதிரி கோடை மழை. வைகாசி மாலைகளில் இடியோடு திடீரென்று கொட்டும். திருப்பதி–சித்தூர் சாலையில் காதங்கியில், விண்வெளித் துறையின் கீழ் 1992 முதல் இயங்கும் தேசிய வளிமண்டல ஆய்வகம் ராடார்களைக் கொண்டு இத்தகைய இடிமேகங்களையும் மேல்காற்றையும் ஆராய்கிறது. வீட்டு அளவில் இதற்குத் தீர்வு சூரிய உலர்த்திப் பெட்டி. கீழே காற்று நுழையத் துளை, உள்ளே கறுப்பு வண்ணம் பூசிய தகடு, வலைத் தட்டு, மேலே சாய்வாகக் கண்ணாடி, பின்பக்கம் சூடான காற்று வெளியேறும் புகைபோக்கி. உள்வெப்பம் வெளியைவிட 15, 20 டிகிரி கூடும். தூசி, ஈ, தூறல் எதுவும் அண்டாது. ஆனால் வேகமும் கூடுவதால், மேல்தோல் இறுகாமல் இருக்கத் துண்டுகளை மெல்லியதாக நறுக்குவதும் முதல் நாள் காற்றுத் துளையை முழுக்கத் திறந்து வைப்பதும் அவசியம்.

காய்ந்ததைச் சூட்டோடு அடைத்தால் மூடியில் வியர்க்கும். முழுக்க ஆறிய பிறகே கண்ணாடி ஜாடியிலோ பீங்கான் ஜாடியிலோ போட வேண்டும். சேமித்த வற்றலுக்கு நிஜமான சோதனை ஐப்பசி, கார்த்திகையில் வரும். வடகிழக்குப் பருவமழை இந்தப் பகுதியில் கடுமையாகப் பெய்யும். 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியது. அத்தகைய நாட்களில் காய்கறிக்காக வெளியே போகாமல் சுண்டைக்காய் வற்றல் குழம்பும் பூசணி வடியமும் சமைத்துவிட முடியும். ஆனால் உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதால், திறந்து மூடும் ஜாடியில் வற்றல் நமர்த்துப்போகும். அன்றாடம் எடுப்பதற்குச் சிறு டப்பா ஒன்றைத் தனியாக வைத்து, பெரிய ஜாடியை மழை முடியும்வரை திறக்காமல் விடுவது நல்லது. மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கும் முதல் நாளில் எல்லாவற்றையும் தட்டில் கொட்டி மூன்று, நான்கு மணி நேரம் காயவைத்து, மறுபடி ‘சடக்’கென்று முறிகிறதா என்று உடைத்துப் பார்த்து ஜாடியில் சேர்த்தால், அடுத்த பூசணி முற்றும்வரை அது தாங்கும்.