சீனியில் ஊறும் தேசிக்காய்

பழத்தை மெல்லிய வில்லைகளாக அரிந்து, அதே நிறைச் சீனியோடு போத்தலில் அடைத்து, அடுப்பு மூட்டாமலே பாகாக்கி எடுப்பது கொரிய வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். இந்தப் பாகைக் கொரியர் ‘சோங்’ என்பர். தென்கொரியாவின் தென்கரையில், கடலுக்குள் நீண்டு கிடக்கும் கோஹுங் தீபகற்பத்தில் விளையும் ‘யுஜா’ என்ற நறுமணத் தோடையில் செய்வது யுஜாசோங். குளிர்காலத்தில் இதைச் சுடுநீரில் கலக்கித் தேநீர்போலக் குடிப்பார்கள். கோடை தொடங்கும்போது பறிக்கும் பச்சைப் பிளம்ஸ் காயில் செய்வது மேசில்சோங். இஞ்சியிலும் எலுமிச்சையிலும்கூடச் செய்வதுண்டு. இந்த வகையில் மன்னார்த் தீவில் மிக எளிதாகச் செய்யக்கூடியது தேசிக்காய்ச் சோங். பழம் கிடைப்பது மட்டும் அதற்குக் காரணமன்று. இதன் அடிப்படை வித்தை இந்தக் கரையின் சமையலறைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று.

மன்னார் நகரின் கடலோரக் குடியிருப்பான உப்புக்குளம் மீனவர் வாழும் இடம். நகருக்கு அண்மையிலேயே உப்பளம் இருக்கிறது. மிஞ்சிய மீனை உப்பிட்டுக் கருவாடாக்குவதும், தேசிக்காயை நாலாகப் பிளந்து உப்புத் திணித்து வெயிலில் காயவைத்து ஊறுகாய் போடுவதும் இங்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே கைவந்தவை. இரண்டிலும் உப்பு செய்கிற வேலை ஒன்றே: பொருளுக்குள் இருக்கும் நீரைத் தன்பக்கம் இழுத்து, நுண்ணுயிர்களுக்கு அந்த நீர் கிடைக்காமற் செய்துவிடுகிறது. சோங்கில் அதே வேலையைச் சீனி செய்கிறது. உப்பைப்போல அவ்வளவு வலுவாகச் செய்வதில்லை என்பதே வேறுபாடு. செய்முறையின் விதிகள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

தேசிக்காயின் சதையும் தோலும் எண்ணற்ற கலங்களால் ஆனவை. ஒவ்வொரு கலத்தையும் சூழ்ந்துள்ள மென்சவ்வு நீரைப் போகவிடும். பெரிய மூலக்கூறுகளை எளிதில் விடாது. வெட்டிய முகத்தில் சீனி படும்போது, வழிந்த சாற்றில் அது கரைந்து கலத்துக்கு வெளியே அடர்ந்த கரைசலாகிறது. உள்ளேயிருக்கும் நீர் அந்த அடர்த்தியை நோக்கி வெளியேறுகிறது. பாடநூல்கள் இதைப் பிரசாரணம் என்கின்றன. நீரிழந்த கலங்கள் சுருங்கி, சிறிது நேரத்தில் சவ்வும் சிதைய, அமிலமும் மணமும் நிறமும் நீரைப் பின்தொடர்ந்து பாகுக்குள் இறங்குகின்றன. தோல் மெழுகுப் பூச்சுடையது. அதன் ஊடாக இது நடப்பதில்லை. முழுத் தேசிக்காயைச் சீனிக்குள் புதைத்து வைத்தால் நாள்கணக்கில் அப்படியே கிடப்பதும், மெல்லிய வில்லை ஓர் இரவிலேயே பாகில் மிதப்பதும் இதனால்தான்.

சீனி எவ்வளவு வேண்டும்? உப்போடு ஒப்பிட்டால் இதற்கு விடை கிடைக்கும். நீரை இழுக்கும் வலிமை கரைந்திருக்கும் துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. உப்பின் மூலக்கூற்று நிறை 58.5, கரையும்போது ஒவ்வொன்றும் இரண்டு அயன்களாகப் பிரியும். சீனியின் மூலக்கூற்று நிறை 342; அது பிரிவதில்லை. ஆகவே ஒரு கிராம் உப்பு தரும் துகள்கள் ஒரு கிராம் சீனி தருவதைப்போல ஏறத்தாழ 12 மடங்கு. ஊறுகாய்க்குக் கைப்பிடி உப்பு போதும்போது, சோங்குக்குப் பழத்தின் நிறையளவு சீனி தேவைப்படுவது இதனால்தான். இந்தச் சீனி இனிப்புக்காக மட்டும் சேர்ப்பதன்று. பழத்தைக் காப்பதும் அதுவே. ‘இனிப்பு அதிகம்’ என்று பாதியாகக் குறைத்தால் போத்தலில் உருவாவது சோங்கல்ல. சில நாளில் நொதித்துப் பொங்கும் பழச்சாறு.

சம நிறைச் சீனிகூட முழுப் பாதுகாப்பு அன்று. தேசிக்காயில் நூற்றுக்கு ஏறத்தாழ 88 பங்கு நீர். 100 கிராம் பழத்தோடு 100 கிராம் சீனி சேர்ந்தால், எல்லாம் கரைந்தபின் பாகில் சீனியின் பங்கு 53 வீதம் வரும். அறை வெப்பத்தில் 100 கிராம் நீர் 200 கிராம் வரை சீனியைக் கரைக்கும். பாகை முழு நிறைவுக்குக் கொண்டுவர வேண்டுமானால் பழத்தின் நிறையைப்போல ஒன்றே முக்கால் மடங்கு சீனி வேண்டும். அது தொண்டையில் இறங்காத இனிப்பு. கொரியர் சம நிறையோடு நிறுத்திக்கொண்டு, மிச்சப் பாதுகாப்பைப் பழத்தின் புளிப்பிடமும் தங்கள் நாட்டுக் குளிரிடமும் விட்டுவிட்டார்கள். யுஜா பழுப்பது நவம்பரில். அதன்பின் வரும் மாதங்களில் அங்கே வெளியே வைத்த சாடி தானாகவே குளிர்ந்திருக்கும்.

புளிப்பு மன்னாரிலும் குறையாது. தேசிச்சாற்றின் பி.எச். அளவு 2-ஐ ஒட்டியது. பி.எச். 4.6-க்குக் கீழே, அடைத்த உணவை நஞ்சாக்கும் பொட்டுலினப் பற்றீரியா வளராது. ஏனைய நோய்க் கிருமிகளும் இவ்வளவு புளிப்பில் தலையெடுப்பதில்லை. புளிப்பையும் இனிப்பையும் ஒருசேரத் தாங்கும் மதுவங்களும் பூஞ்சணங்களுமே மிஞ்சும் எதிரிகள். அவற்றை அடக்குவது குளிர். மன்னாரில் பகல் வெப்பம் ஆண்டின் பெரும்பகுதியில் 30 பாகை செல்சியசை ஒட்டியே நிற்பதால், கொரியச் செய்முறையில் ‘இரண்டு மூன்று நாள் வெளியே வைக்கவும்’ என்று இருப்பதை இங்கே அப்படியே பின்பற்றக்கூடாது. சீனி இந்தச் சூட்டில் விரைவாகக் கரைந்துவிடும். அரை நாளோ, மிஞ்சினால் ஒரு நாளோ போதும். பிறகு போத்தலின் இடம் குளிர்சாதனப் பெட்டி. சீனியையும் 100-க்கு 120 என்று சற்றுக் கூட்டினால் பாகு 58 வீதத்துக்கு நெருங்கும். இந்த வெப்பத்துக்கு அது நல்ல காப்பு.

உப்புக்குளம் போன்ற முஸ்லிம் குடும்பங்கள் வாழும் இடத்தில் இந்தக் கவனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மதுவம் சீனியை உண்டு வெளிவிடுவது காபனீரொட்சைட்டும் மதுசாரமும். பாகு நொதிக்கத் தொடங்கிவிட்டால் அது பலருக்குப் பருகத்தகாததாகிவிடும். மதுசாரமும் தேசிக்காயும் பழைய கூட்டாளிகள்தான். 1747-இல் பிரித்தானியக் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், முரசு கரைந்து இரத்தம் கசியும் ஸ்கேவி நோயைத் தோடம்பழமும் எலுமிச்சையும் தணிப்பதைச் சோதித்துக் காட்டினார். பின்னர் கப்பல்களில் ஏற்றப்பட்ட பழச்சாறு கெடாதிருக்க அதில் மதுவைக் கலந்தார்கள். 1867-இல் ஸ்கொட்லாந்தின் லீத் துறைமுகத்தைச் சேர்ந்த லோக்லன் ரோஸ், மதுசாரம் இல்லாமலே தேசிச்சாற்றைப் பாதுகாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்வழி வந்த இனிப்பூட்டிய தேசிச்சாறு அவர் பெயரிலேயே இன்றும் விற்பனையாகிறது.

பழத்தைத் தெரிவதில் கருத்து வேண்டும். சாறு நிறைந்து, தோல் மெலிந்து, பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்பும் தேசிக்காயே நல்லது. பச்சைத் தோலோடு வரும் பிபிலைத் தோடம்பழத்தைப் பாதிக்குப் பாதி சேர்த்தால் புளிப்பு மட்டுப்பட்டு மணம் கூடும். தோடம்பழத்தை மட்டும் போட்டால் புளிப்பும் அதனோடு பாதுகாப்பும் குறையும் என்பதால் தேசிச்சாறு கொஞ்சமாவது சேரவேண்டும். நாரத்தையும் பம்பளிமாசும் தடித்த வெள்ளைத் தோலுடையவை. அந்த வெள்ளையைச் சீவி எறிந்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

புதிதாகச் செய்பவரை ஏமாற்றுவது கசப்பு. அரிந்தவுடன் நக்கிப் பார்த்தால் கசக்காத பழம், நாலைந்து நாளில் கசக்கத் தொடங்கும். பழத்தின் முழுமையான கலங்களில் கசப்பற்ற ஒரு சேர்வை இருக்கிறது. கலம் உடைந்து அமிலம் அதைத் தொட்டதும் மெல்ல மெல்ல லிமொனின் என்ற கடுங்கசப்புப் பொருளாக மாறுகிறது. விதையிலும் நடுத்தண்டிலும் வெள்ளைத் தோலிலும் இது மிகுதி. ஆகவே பழத்தின் இரு முனைகளையும் தாராளமாக வெட்டி நீக்கி, விதையைக் கத்திமுனையால் ஒன்றுவிடாமல் நோண்டி எடுப்பது இந்தச் செய்முறையில் சோம்பக்கூடாத வேலை. ஒரு விதை தப்பினாலும் நாளடைவில் அது பாகில் தெரியும்.

முதலில் பழத்தைக் கல்லுப்பால் உரசிக் கழுவ வேண்டும். கொரியரும் இதைத்தான் செய்கிறார்கள். மன்னாரில் இதற்கு உப்புத் தேட வேண்டியதில்லை. இறக்குமதியாகும் தோடம்பழத்திலும் எலுமிச்சையிலும் மெழுகு பூசியிருப்பதால், அவற்றைச் சுடுநீரில் சில விநாடி புரட்டி அப்பச்சோடாவால் தேய்த்தால் மெழுகு போகும். கழுவிய பழத்தைத் துடைத்து ஈரம் அறவே உலரவிடவேண்டும். ஒட்டியிருக்கும் தண்ணீர் பாகை நீர்க்கச் செய்வதோடு மதுவத்தையும் கூட்டிவரும். கண்ணாடிப் போத்தலைக் குளிர்ந்த நீரில் கவிழ்த்துவைத்து, நீரைக் கொதிக்கவிட்டுப் பிறகு எடுத்துக் காயவைக்கலாம். கொதிநீரில் திடீரென்று போட்டால் போத்தல் வெடிக்கும். அலுமினியப் பாத்திரம் இந்த வேலைக்கு ஆகாது, தேசிப்புளி அதை அரிக்கும். தகர மூடியென்றால் மூடிக்கும் பாகுக்கும் இடையே மெல்லிய பிளாஸ்திக் தாள் ஒன்று இருக்கட்டும்.

முனை நீக்கி விதை எடுத்து மூன்று நான்கு மில்லிமீற்றர் தடிப்பில் அரிந்தபின்னரே பழத்தை நிறுக்க வேண்டும். கோப்பையால் அளப்பது சரிவராது: வில்லைகளுக்கிடையில் காற்று நிறைந்திருக்கும், சீனியில் அப்படியில்லை. ஐந்தில் நான்கு பங்கு சீனியை அகன்ற பாத்திரத்தில் பழத்தோடு பிசறி, சாறு ஊறும்வரை ஒரு மணி நேரம் வைத்துப் போத்தலுக்கு மாற்றி, மீதிச் சீனியை மேலே மூடிபோலப் பரப்பிவிடலாம். வாயிலிருந்து இரண்டு விரற்கடை வெறுமையாக இருக்கவேண்டும். வாயு உண்டானால் அதற்கு இடம் தேவை. அடியில் தங்கும் சீனியைக் காய்ந்த சுத்தமான கரண்டியால் நாளுக்கொருமுறை கிளறிவிட வேண்டும். பாகு பழத்தைவிட அடர்த்தியானது. வில்லைகள் மேலே மிதக்கும். பாகுக்கு வெளியே தலைநீட்டும் வில்லையில்தான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும் என்பதால் அவற்றை அமிழ்த்திவைக்க வேண்டும்.

குளிரில் வைத்து ஒரு கிழமை கழிந்தால் பாகு பருகப் பதமாகிவிடும். இதற்குள் இன்னொரு மாற்றமும் தொடங்கியிருக்கும். பழத்தின் அமிலம் சீனி மூலக்கூறுகளைச் சிறிது சிறிதாகக் குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் பிளக்கிறது. ஒரு மூலக்கூறு இரண்டாவதால் பாகின் நீர்பிடிக்கும் ஆற்றல் சற்றுக் கூடும், சீனி மீண்டும் படிகமாவதும் தடைப்படும். நாள்பட்ட சோங் வழவழப்பாகவும் அதன் இனிப்பு மென்மையாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வில்லைகளை இரண்டு மூன்று கிழமைக்குள் வடித்து எடுத்துவிடுவது நல்லது, அதன்பின் தோல் தருவது பெரும்பாலும் கசப்பே. வடித்த பாகு குளிரில் இரண்டு மூன்று மாதம் இருக்கும்.

அடுப்பில் காய்ச்சும் சர்பத்துப் பாகுக்கு இல்லாத ஒன்று சோங்குக்கு உண்டு. தேசித்தோலின் சிறு பைகளில் உள்ள நறுமண எண்ணெய், முக்கியமாக லிமொனீன், கொதியில் ஆவியோடு போய்விடும். சூடு படாத பாகில் அது தங்கும். வெட்டிய பழத்தின் மணம் ஒரு மாதம் கழித்தும் அப்படியே எழுவது இதனால்தான். உயிர்ச்சத்து சி-யும் காய்ச்சும் பாகைவிட இதில் கூடுதலாக எஞ்சும். காலப்போக்கில் அதுவும் குறைந்துகொண்டே போகும் என்பதால் மருந்தாக நம்பி வைத்திருக்கக் கூடாது.

மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்ற ஓசையும் நுரையும் கள்வாடையும் வந்தால் நொதித்தல் நடக்கிறது. பாகை ஒதுக்கிவிட வேண்டும். பஞ்சுபோன்ற பூஞ்சணம் தெரிந்தால் மேற்பகுதியை மட்டும் அள்ளி எறிவது போதாது, முழுவதையும் கொட்ட வேண்டும். சீனிக்குப் பதில் பனங்கட்டி சேர்க்க விரும்புவோர் நாலில் ஒரு பங்குக்கு மேற்படாமல், நன்றாகக் காய்ந்த கட்டியைத் தூளாக்கிச் சேர்க்கலாம். பனங்கட்டி ஈரம் இழுக்கும், அதன் மணமும் தேசியின் மணத்தை அமுக்கும். தேன் சேர்த்த சோங்கை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. தேனில் பொட்டுலின வித்திகள் இருக்கக்கூடும்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், ஒரு நாள் ஊறியதும் பாகை வடித்து, பழத்தின் நிறையைப்போல மொத்தம் ஒன்றே முக்கால் மடங்கு ஆகும்வரை சீனி கூட்டிக் கரைத்து, சிறு போத்தல்களில் கழுத்துவரை நிரப்பலாம். நறுமணத்தில் கொஞ்சம் இழந்தாலும் பரவாயில்லை என்றால் ஒரு கொதி காட்டி, சூடு ஆறுமுன் அடைப்பது மேலும் பாதுகாப்பு.

இரண்டு மேசைக்கரண்டிப் பாகுக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் கணக்கு. நோன்பு திறக்கும் வேளையில் குளிர்நீரிலும், மாரிக் காற்று அடிக்கும் மார்கழியில் சுடுநீரிலும், வெறும் தேநீரில் சீனிக்குப் பதிலாகவும் இது பொருந்தும். ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தால் கசப்பு அடங்கி இனிப்புத் தெளியும். ஆனால் அந்த இரண்டு கரண்டியில் மட்டும் ஏறத்தாழ 20 கிராம் சீனி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராமுக்கு மேற்படாமலும், இயன்றால் 25 கிராமுக்குள்ளும் நிறுத்தச் சொல்கிறது. சீனி வருத்தம் உள்ளவர் இதைத் தவிர்ப்பதே நல்லது. வடித்தெடுத்த வில்லைகளை வீசவேண்டியதில்லை: பொடியாக அரிந்து கேக் மாவில் சேர்க்கலாம், மிளகாய்த்தூளும் உப்பும் பிசறி வெயிலில் காயவைத்தால் இனிப்புப் புளி ஊறுகாயாகச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம்.