ஒரு மீன் அதிகமாக

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நமது இல்லங்களில் இறைச்சி விலக்கப்படுகின்றது. 14 வயது நிறைந்தோர் அனைவரையும் கட்டுப்படுத்தும் இத்திருச்சபைச் சட்டம் மீனைத் தடைசெய்வதில்லை. ஆயினும் இறைச்சியை விலக்கிவிட்டு, விலையுயர்ந்த அறக்குளாவை வாங்கி விருந்துண்பது ஒறுத்தல் ஆகுமா? எளிய இராவுணவுக்குச் சூடையோ சாளையோ போதும்.

மீனைச் செதில் நீக்கிக் கழுவி, நீரை நன்கு வடித்து, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, சிறிது தேசிக்காய்ப் புளி பூசி ஊறவைக்க வேண்டும். எண்ணெய் நன்கு சூடேறிய பின்னரே தாச்சியில் இடவேண்டும். அதன்பின் வேண்டியது பொறுமை ஒன்றே. அதனை நான் கற்றது என் அண்ணனிடம்.

சில ஆண்டுகளுக்கு முன் குடும்பக் காணி தொடர்பாக எங்களுக்குள் மனத்தாங்கல் ஏற்பட்டது. கடுஞ்சொல் உரைத்தவன் நானே. பீடத்தில் நின்று மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கித்த நான், இரண்டு ஆண்டுகளாக அவர் வீட்டுப் படியை மிதிக்கவில்லை.

ஒரு வெள்ளி மாலை, சிலுவைப்பாதை முடிந்ததும் துணிந்து சென்றேன். அண்ணன் குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். நான் ஆயத்தம் செய்து வந்த வார்த்தைகள் தொண்டையில் சிக்கின. ஏதாவது செய்யவேண்டுமே என்று அகப்பையை எடுத்து மீனைப் புரட்ட முனைந்தேன்.

“பொறு தம்பி, அவசரப்பட்டால் ஒட்டிக்கொண்டு உடைஞ்சுபோகும். பொரிஞ்சால் அது தானாய் விடும்” என்றார். சற்றுப் பின், “கையைக் கழுவிப்போட்டு வா, சூட்டோடை சாப்பிடுவம்.”

பாணும் சம்பலும் பொரித்த மீனுமே உணவு. பாதி உண்ட பின்னரே, “என்னை மன்னியுங்கோ அண்ணை” என்று கூற என்னால் முடிந்தது. அவர் பதிலுரைக்கவில்லை. இன்னொரு மீனை என் கோப்பையில் வைத்தார்.

பேதுரு ஆண்டவரை மறுதலித்தபோது குளிர்காய்ந்தது கரிநெருப்பின் அருகில் (யோவான் 18:18). உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் மீனோடு காத்திருந்ததும் கரிநெருப்பின் அருகிலேயே (யோவான் 21:9). அவர் பழைய கணக்கைக் கேட்கவில்லை, உணவருந்த அழைத்தார். அன்பைப் பற்றிய கேள்வி கூட உணவு முடிந்த பின்னரே எழுந்தது.

அன்பார்ந்தவர்களே, வருகின்ற வெள்ளியன்று உங்கள் தாச்சியில் ஒரு மீனை அதிகமாக இடுங்கள். அது யாருக்கு என்பதை உங்கள் உள்ளம் அறியும்.