புது லேப்டாப் திரையில் ஓரமாக வெளிச்சம் கசிகிறதா? பழுதா, இயல்பா? வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

இரவு நேரம். செஞ்சியில் ஒரு வீடு. கல்லூரி மாணவி ஒருவர் புது லேப்டாப்பில் படம் பார்க்க உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறையில் லைட்டை அணைத்ததும் படம் தொடங்குகிறது. முதல் காட்சியே இருட்டு. அப்போதுதான் கண்ணில் படுகிறது, திரையின் கீழ் மூலையில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது. டார்ச் அடித்த மாதிரி ஒரு வெளிச்சம்.

பகலில் வாட்ஸ்அப், யூடியூப், வேர்டு என எல்லாம் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. கடையில் ஆன் செய்து காட்டியபோதும் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. தவணையில் வாங்கிய லேப்டாப். கடையில் கேட்டால் 'அது நார்மல்தாங்க, எல்லா லேப்டாப்லயும் இருக்கும்' என்று பதில் வரலாம்.

அந்தப் பதில் சில நேரம் உண்மை. சில நேரம் உண்மை இல்லை. எது எப்போது என்று தெரிந்துகொள்ளாவிட்டால், மாற்றிக்கொள்ள இருக்கும் சில நாள் அவகாசம் கைவிட்டுப் போய்விடும்.

இது ஏன் இப்போது முக்கியம்?

தமிழ்நாட்டில் லேப்டாப் இன்று வசதியானவர்கள் வீட்டுப் பொருள் மட்டும் இல்லை. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் பயன்பெற்றார்கள். அடுத்து 2025-26 பட்ஜெட்டில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் டேப்லெட் அல்லது லேப்டாப் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. கடையில் வாங்குபவர்கள், ஆன்லைனில் வாங்குபவர்கள் தனி.

செஞ்சி போன்ற ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சில பிராண்டுகளின் சர்வீஸ் சென்டருக்கு விழுப்புரம், திருவண்ணாமலை, புதுச்சேரி என்று பஸ் ஏற வேண்டியிருக்கலாம். ஒரு நாள் வேலையும் பஸ் செலவும் போகும். போன பிறகு 'இது பழுதில்லை' என்று திருப்பி அனுப்பினால் அலைச்சல்தான் மிச்சம். எனவே கிளம்பும் முன்பு வீட்டிலேயே சோதித்துக்கொள்வது நல்லது.

திரையில் வெளிச்சம் எப்படி வருகிறது?

பெரும்பாலான லேப்டாப்களில் இருப்பது எல்சிடி திரை. எல்சிடி தானாக ஒளிராது. அதன் பின்னால் இருந்து வெளிச்சம் வர வேண்டும். அந்த வெளிச்சத்தைத் தருவது எல்இடி விளக்குகள்.

ஆனால் இந்த விளக்குகள் திரையின் பின்பக்கம் முழுவதும் பரவி இருப்பதில்லை. லேப்டாப் மூடி மெல்லிசாக இருக்க வேண்டும் என்பதால், பெரும்பாலும் ஒரே ஓரத்தில் வரிசையாகப் பொருத்தப்படுகின்றன. அங்கிருந்து கிளம்பும் வெளிச்சம், தெளிவான பிளாஸ்டிக் தகடு ஒன்றுக்குள் பாய்ந்து திரை முழுவதும் பரவுகிறது. அதற்கு மேல் வெளிச்சத்தைச் சமமாக்கும் மெல்லிய தாள்கள் அடுக்கப்பட்டிருக்கும். அதற்கும் மேலேதான் எல்சிடி.

எல்சிடியில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி ஜன்னல் கதவு மாதிரி. வெள்ளை வேண்டும் என்றால் கதவு திறக்கும். கறுப்பு வேண்டும் என்றால் மூடும். முழு எச்டி திரையில் இப்படி 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன.

பிரச்சினை எங்கே என்றால், கதவு மூடியிருந்தாலும் பின்னால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். எந்தக் கதவும் நூறு சதவீதம் மூடாது. சாதாரண ஐபிஎஸ் திரையில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையிலான வித்தியாசம் சுமார் 1000-க்கு 1. அதாவது, கறுப்பு என்று நாம் நினைக்கும் இடத்திலும் வெள்ளையில் ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சம் இருக்கிறது. அதனால்தான் இருட்டறையில் கறுப்புத் திரை கொஞ்சம் சாம்பலாகத் தெரிகிறது.

நான்கு விதமான 'வெளிச்சக் கோளாறு'

எல்லாவற்றையும் 'லைட் லீக்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் இவை வேறு வேறு.

1. ஓரக் கசிவு: திரையின் விளிம்பிலோ மூலையிலோ கோடாக, விசிறியாக வெளிச்சம் தெரியும். அடுக்குகள் சரியாகப் பொருந்தாதபோதும், சட்டம் ஒரு பக்கம் அதிகமாக அழுத்தும்போதும் வருகிறது. மூடிய கதவின் இடுக்கில் வெளிச்சம் வருவது போலத்தான். எங்கிருந்து பார்த்தாலும் அதே இடத்தில் இருக்கும்.

2. ஐபிஎஸ் பளபளப்பு: மூலைகளில் லேசான வெள்ளை அல்லது மஞ்சள் புகை மாதிரி தெரியும். தலையை நகர்த்தினால் இதுவும் நகரும், கூடும், குறையும். இது அந்தத் தொழில்நுட்பத்தின் குணம். பழுது இல்லை.

3. மேகத் திட்டு: திரையின் நடுப்பகுதியில் ஆங்காங்கே மேகம் போலத் திட்டுத் திட்டாகத் தெரியும். உள் அடுக்குகளில் அழுத்தம் சமமாக இல்லாவிட்டால் வரும்.

4. அழுத்தப் புள்ளி: வெள்ளைப் பின்னணியில் நாணயம் அளவுக்கோ அதைவிடச் சிறிதாகவோ பளிச்சென்று ஒரு புள்ளி தெரியும். வெளியில் இருந்து திரை அழுத்தப்பட்டதற்கான அடையாளமாக இது இருக்கலாம். இதில்தான் வாரண்டி தகராறு அதிகம் வரும்.

இவை தவிர, விலை குறைந்த சில லேப்டாப்களில் டிஎன் வகைத் திரை இருக்கும். அதில் மேல் பாதி இருட்டாகவும் கீழ் பாதி வெளிறியும் தெரியும். மூடியை முன்னும் பின்னும் சாய்த்தால் மாறிவிடும். இதுவும் பழுது இல்லை. வாங்கும் முன்பு 'ஐபிஎஸ்' என்று விவரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

செலவே இல்லாத சோதனை இது. அரை மணி நேரம் போதும்.

முதலில் லேப்டாப்பை ஆன் செய்து 20 முதல் 30 நிமிடம் ஓட விடுங்கள்.

பெயின்ட் செயலியில் முழுக்கக் கறுப்பு நிறம் நிரப்பிய படம் ஒன்றைச் சேமித்து, திரை முழுவதும் வரும்படி திறங்கள். ஓரத்தில் வெள்ளைப் பட்டை எதுவும் தெரியக் கூடாது.

அறை விளக்கை அணையுங்கள். பிரைட்னெஸ்ஸை முழுவதும் கூட்டிப் பாருங்கள். பிறகு பாதியாகக் குறைத்துப் பாருங்கள். பாதியில் தெரிவதுதான் அன்றாடம் நீங்கள் பார்க்கப்போவது.

இப்போது தலையை இடது, வலது, மேல், கீழ் என நகர்த்துங்கள். வெளிச்சமும் கூடவே மாறினால் அது பளபளப்பு. அசையாமல் அங்கேயே இருந்தால் கசிவு. இன்னும் சந்தேகமா? ஒரு மீட்டர் பின்னால் தள்ளிப் போய் நேராகப் பாருங்கள். பளபளப்பு வெகுவாகக் குறைந்துவிடும். கசிவு குறையாது.

அடுத்து முழு வெள்ளை, பிறகு சாம்பல் நிறப் படம். திட்டு, அழுத்தப் புள்ளி, எரியாத புள்ளி எல்லாம் இதில்தான் தெரியும்.

கடைசியாக லைட்டைப் போட்டுவிட்டு வழக்கம் போல ஒரு படம் பாருங்கள், ஒரு பாடம் படியுங்கள். அப்போதும் கண்ணை உறுத்துகிறதா? ஆம் என்றால் காத்திருக்க வேண்டாம்.

போட்டோ எடுக்கும்போது செய்யும் தப்பு

பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். இருட்டறையில் செல்போன் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கண்ணுக்கு லேசாகத் தெரிவது படத்தில் தீப்பிடித்த மாதிரி வரும். அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அதையே ஆதாரமாக அனுப்பவும் வேண்டாம். 'கேமராவில் அப்படித்தான் தெரியும்' என்று சுலபமாக மறுத்துவிடுவார்கள்.

கேமரா திரையைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கீழே இழுத்து, கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்து படம் எடுங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் நேராக ஒரு படம், பக்கவாட்டில் இருந்து ஒரு படம். கூடவே கேமராவை நகர்த்தியபடி ஒரு சின்ன வீடியோ. லேப்டாப்பின் அடியில் உள்ள சீரியல் எண்ணும் பில்லும் தெரியும்படி இன்னொரு படம். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்திருந்தால் இன்னும் நல்லது.

எவ்வளவு கசிவு வரை 'நார்மல்'?

எரியாத புள்ளிகளுக்கு ஐஎஸ்ஓ 9241-307 என்ற சர்வதேசத் தர அளவு இருக்கிறது. 10 லட்சம் புள்ளிகளுக்கு எத்தனை வரை இருக்கலாம் என்று அதில் வகை பிரித்திருக்கிறார்கள். ஆனால் வெளிச்சக் கசிவுக்கு, வாங்குபவர் கையில் வைத்துக்கொண்டு பேசும்படியான எண் எதுவும் புழக்கத்தில் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் அளவுகோலை வைத்துத்தான் முடிவு செய்கிறது.

அதனால்தான் 'நார்மல்' என்ற சொல்லுக்கு இவ்வளவு இடம் கிடைக்கிறது. அதற்கு எதிராக உங்களிடம் இருக்க வேண்டியது மூன்று விஷயங்கள்: கசிவு கோணம் மாறினாலும் மாறவில்லை, பாதி பிரைட்னெஸ்ஸிலும் தெரிகிறது, விளக்கு எரியும்போதும் தெரிகிறது. இந்த மூன்றையும் படத்தோடு எழுதிக் கொடுத்தால் அந்த ஒற்றை வார்த்தையில் கடந்துபோவது கடினம்.

செய்யவே கூடாதவை

திரையை விரலால் அழுத்தித் தேய்த்தால் சரியாகும், மூடியை லேசாக முறுக்கினால் சரியாகும், ஓரச் சட்டத்தின் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் சரியாகும் என்றெல்லாம் வீடியோக்கள் சுற்றுகின்றன. வேண்டாம். உள்ளே இருக்கும் அடுக்குகள் மிக மெல்லியவை. இன்னும் ஒரு திட்டு கூடலாம், திரையே விரிசல் விடலாம். பிரித்தது தெரிந்தால் வாரண்டியும் போகலாம்.

கூட்டமான பஸ்ஸில் புத்தகம், டிபன் பாக்ஸ் எல்லாவற்றோடும் லேப்டாப்பைப் பையில் திணித்துப் போவதும் ஆபத்துதான். திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ தினமும் போய்வரும் மாணவர்கள் மூடிப் பக்கம் கனமான பொருள் அழுத்தாதபடி வைக்க வேண்டும். கீபோர்டு மேல் பேனா, இயர்போன் இருக்கும்போது மூடக் கூடாது. கேமராவை மறைக்க ஒட்டும் தடிமனான மூடியும் திரையை அழுத்தும்.

விலை கூடிய திரை என்றால் பிரச்சினையே இல்லையா?

ஓஎல்இடி திரையில் பின்விளக்கு கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், கறுப்பு என்றால் அணைந்துவிடும். எனவே ஓரக் கசிவு என்ற பேச்சே இல்லை. ஆனால் குறைந்த வெளிச்சத்தில் சாம்பல் நிறம் சமமில்லாமல் தெரியலாம். ஒரே படம் நீண்ட காலம் நின்றால் அதன் தடம் நிரந்தரமாகப் பதியவும் வாய்ப்புண்டு. மினி எல்இடி திரையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். குறை இல்லாத திரை என்று ஒன்று இல்லை. எந்தக் குறையோடு வாழ முடியும் என்பதுதான் கேள்வி.

கசிவு கண்ணைக் கெடுக்குமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கசிகிற வெளிச்சமும் திரையின் மற்ற வெளிச்சமும் ஒரே விளக்கில் இருந்துதான் வருகின்றன. தனியாகப் புதுக் கேடு எதுவும் அதில் இல்லை.

யாரிடம், எப்படிப் புகார் செய்வது?

முதல் வேலை, திரும்பக் கொடுக்கும் கடைசித் தேதியைப் பார்ப்பது. ஆன்லைன் தளங்களில் இந்த அவகாசம் பெரும்பாலும் சில நாட்கள்தான். புகாரை போனில் மட்டும் சொல்லாமல், செயலியிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் பதிவு செய்யுங்கள்.

2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அவகாசம் முடிந்துவிட்டால் நிறுவனத்தின் வாரண்டி. 'ஆன்சைட் வாரண்டி' என்று அட்டையில் இருந்தால், செஞ்சியின் 604202 பின்கோடுக்கு ஆள் வருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். வருவார்கள் என்றால் பஸ் ஏறவே தேவையில்லை. சர்வீஸ் சென்டருக்குப் போனால் வேலைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். 'பழுதில்லை' என்று சொன்னால் அதையும் எழுத்தில் கேளுங்கள்.

அங்கும் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலில் உள்ளது. அதன்படி, வாங்கிய இடம் எதுவாக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சென்னையில் வாங்கிய லேப்டாப்புக்குச் செஞ்சிக்காரர் விழுப்புரத்தில் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். பழுதா இல்லையா என்று ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்க்க உத்தரவிடும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு.

அப்பா வாங்கிய லேப்டாப்பைப் பயன்படுத்தும் மகளும் சட்டப்படி நுகர்வோர்தான். பிழைப்புக்காகச் சொந்தமாக ஜெராக்ஸ் கடை நடத்துபவரும் அப்படித்தான். ஆனால் காசு கொடுத்து வாங்காத அரசு லேப்டாப்புக்கு இந்த வழி நேரடியாகப் பொருந்துவது கடினம். அதற்குக் கூடவே தரப்படும் வாரண்டி விவரமும், கல்லூரியில் எழுத்தில் தரும் புகாரும்தான் முதல் வழி.

சுருக்கமாக…

தலையை நகர்த்தினால் வெளிச்சமும் நகர்கிறதா? நிம்மதியாகப் பயன்படுத்துங்கள். முழு பிரைட்னெஸ்ஸில், இருட்டறையில் மட்டும் லேசாகத் தெரிகிறதா? பெரும்பாலும் பழகிவிடும். பாதி பிரைட்னெஸ்ஸிலும், விளக்கு எரியும்போதும், ஒரே இடத்தில் அசையாமல் தெரிகிறதா? மாற்றிக் கேளுங்கள்.

லேப்டாப் வந்த முதல் நாள் இரவே பத்து நிமிடம் லைட்டை அணைத்துப் பார்த்துவிடுங்கள். பத்தாவது நாள் பார்த்தால், கடைக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழி குறைவு.