ராத்திரியில் பேட்டரியைக் குடிக்கும் குட்டிக் கருவிகள்!
ஆரம்பாக்கம் வண்டிக்காரர்களே, உஷார்!

ஆரம்பாக்கம்:

ஒரு பக்கம் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை. மறுபக்கம் பழவேற்காடு ஏரி. ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கத்துக் குப்பங்களில் பிடிபடும் இறாலும், நண்டும், மீனும் கெடுவதற்குள் சந்தைக்குப் போயாக வேண்டும்.

விடிகாலையில் "குட்டியானை" வண்டியின் சாவியைத் திருப்பும்போது "டிக்... டிக்..." சத்தம் மட்டும் வந்தால்? ஐஸ் கரையும். விலை இறங்கும். அன்றைய பிழைப்பு போச்சு! ஸ்டேஷனில் காரை விட்டுவிட்டு ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள் திரும்பி வரும்போதும் இதே கதைதான்.

நேற்று நன்றாக ஓடிய வண்டிதானே? பேட்டரியைக் குடித்தது யார்? டாஷ்போர்டில் செருகிவிட்டு மறந்துபோன கேமராவும், பாட்டுக் கருவியும், செல்போன் சார்ஜரும்தான்!

கணக்கைப் பாருங்கள்

"சிகரெட் லைட்டர்" துளைக்குச் சில வண்டிகளில் சாவியை எடுத்ததும் கரண்ட் நின்றுவிடும். சில வண்டிகளில் நிற்காது. ராத்திரி பூராவும் வந்துகொண்டே இருக்கும்.

சிறிய கார்கள் பலவற்றில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. நிறுத்திய வண்டியில் கடிகாரம், அலாரம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியருக்குள் இழுத்தால் பயமில்லை. ஆனால் விடாமல் படம் பிடிக்கும் கேமரா 300 மில்லி ஆம்பியர் இழுத்தால், ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-மணி காலி. இரண்டரை நாளில் பாதி பேட்டரி போய்விடும்!

போன் மாட்டாத வெறும் சார்ஜர் இழுப்பது சொற்பம். ஆனால் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டிக்கு அதுவும் கேடுதான்.

கண்ணாடியில் ஒட்டிய "பாஸ்டேக்" மீது பழி போடாதீர்கள். 2021 பிப்ரவரியில் கட்டாயமான அந்த ஸ்டிக்கருக்குக் கரண்டே வேண்டாம். சுங்கச்சாவடிக் கருவியின் ரேடியோ அலையிலேயே அது வேலை செய்கிறது.

சார்ஜ் ஏற்றினால் சரியாகிவிடுமா?

காலியாகவே கிடக்கும் பேட்டரியில், ஈயத் தகடுகள் மேல் உப்புப் போல ஒரு படிவம் இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. நாலைந்து தடவை இப்படி ஆனால் புது பேட்டரிக்குப் பணம் எடுத்து வைக்க வேண்டியதுதான்.

என்ன செய்யலாம்?

* சாவியை எடுத்து, கதவைப் பூட்டி, அரை மணி கழித்துப் பாருங்கள். சார்ஜர் விளக்கு எரிந்தால் அந்தத் துளையில் கரண்ட் நிற்கவில்லை. தினமும் பிடுங்கிவிடுங்கள்.

* ராத்திரியும் கேமரா ஓட வேண்டுமா? பேட்டரி இறங்கினால் தானே நிறுத்திக்கொள்ளும் கட்-ஆப் கருவியோடு, ப்யூஸ் வைத்து, எலெக்ட்ரீஷியனிடம் மாட்டுங்கள். ப்யூஸ் இல்லாமல் நேராக இழுத்த ஒயர் தீயில் கொண்டுபோய் விடும்.

* வண்டியைச் சில மணி நேரம் நிறுத்திய பிறகு மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12 வோல்ட் என்றால் கால்வாசிதான் மிச்சம்.

* ஏரிக்கரையில் உப்புக்காற்று. பேட்டரி முனைகளில் பூக்கும் பச்சை, வெள்ளைப் பொடியைத் துடைத்து வாசலின் தடவுங்கள்.

ராத்திரி கதவைப் பூட்டுமுன் கை நீட்டி ஒரு பிடுங்கு. காசு செலவில்லை, காலையில் வண்டி தள்ள ஆள் தேடவும் வேண்டாம்!